பத்து இணைப்பும் ஒரு படகும்

மத்தியானம் காற்று கிளம்பியதும் குருநகர் மீனவர் வீட்டுப் பெண்கள் ஜெசிதா எழுதிய இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். கரை சேர்ந்தவர்கள் 'வந்திட்டன்' என்று அழுத்தினால் படகின் பெயர் அதில் விழும். பக்கமோ திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது.

"அப்பாவின்ரை போனும் செத்துப் போச்சு. உதிலை பார்த்துச் சொல்லன் பிள்ளை," என்றாள் தாய் செபஸ்தியம்மா.

ஜெசிதா பக்கத்தை ஓட்டும் பைதன் நிரலின் பதிவேட்டைத் திறந்தாள். படகுப் பெயர்கள் சேரும் டேட்டாபேஸுக்கு இருந்தது பத்தே இணைப்பு. பத்தையும் நிரலின் பத்து திரெட், அதாவது வேலை இழைகள், பிடித்துக்கொண்டு விடாமல் நின்றன. பிழை வந்தால் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் வரியை அவள் எழுதவே இல்லை. பிழை வந்த காரணம் அதைவிட வெட்கக்கேடு. ஒரு பெயரில் ஒரு படகுதான் இருக்கும் என்று நிரலில் எழுதி வைத்திருந்தாள்; அதே பெயர் இரண்டாம் முறை வந்தால் பிழை. குருநகரில் பிறந்தவள் செய்கிற வேலையா இது? அன்றைக்கு மட்டும் 'அந்தோனியார்' என்ற பெயரில் மூன்று படகு கடலில். அதில் ஒன்று அப்பாவுடையது.

மாட்டிக்கொண்ட பத்துப் பதிவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்திலும் அப்பாவின் போன் நம்பர், ஒரே கரை.

"அப்பா அரியாலையிலை இறங்கீட்டார் அம்மா," என்றாள். "பத்துத்தரம் சொல்லிப்போட்டார். நான்தான் கேக்கேல்லை."