இஸ்திரி மேஜையில் சொன்ன கதை

கண்ணாடிக்கடைக்காரிக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் எரியாது? வாசகர் வட்டத்தின் மேடையில் நின்றுகொண்டு அவள் புருஷன், அவள் அழுத அழுகையைத் தன் அழுகையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தான்.

மனுஷன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. வட்டத்தில் அவனுக்கு 'நடமாடும் நூலகம்' என்று பட்டப்பெயர். நூலகமாம், நூலகம்! கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாவலை முழுசாகப் படித்தவனில்லை. படிப்பதெல்லாம் அவள். கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலைக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தில் நாலு பக்கம், பஸ்ஸில் நாலு பக்கம். சாயங்காலம் வீட்டில் அவள் இஸ்திரி போடும்போது அவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "ம், இன்னிக்கு என்ன கதை?" என்பான். அவள் சொல்வாள். மாசக் கடைசியில் அது அப்படியே அவன் வாய் வழியாக வட்டத்துக்குப் போகும். அவளும் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவாள். போகட்டும், நம்ம வீட்டு ஆள்தானே என்று இத்தனை வருஷமும் விட்டுத் தொலைத்தாள்.

ஆனால் இது அப்படி விட்டுத் தொலைக்கிற கதையில்லை.

கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கிற ஒருத்தியைப் பற்றிய நாவல் அது. யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அவள் கடலைப் பார்த்துக் கத்திச் சொல்லுவாள். அந்தப் பக்கத்தைப் படித்ததும் கண்ணாடிக்கடைக்காரி புத்தகத்தை மூடிவைத்தாள். கடை பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நமக்குக் கத்திச் சொல்ல ஒரு கடல்கூட இல்லையே என்ற ஆத்திரம். சொல்வதற்கு அவளிடமும் ஒன்று இருந்தது. ஏழாம் மாசத்தில் செத்துப் பிறந்த பெண் குழந்தை. அந்தப் பேச்சை எடுத்தாலே, "பழசைக் கிளறாத" என்று அவன் எழுந்து போய்விடுவான்.

அதனால் அன்றைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, நாவலுக்கு நடுவில் தன் கதையைச் செருகிவிட்டாள். பிரசவ வார்டில் அவள் துடிக்கிறாள். புருஷன் "ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று போகிறான். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் திரும்பி வருகிறான். வந்து தோளைத் தட்டி, "விடு, அடுத்தது பாத்துக்கலாம்" என்கிறான். நடந்ததில் ஒரு வார்த்தையைக்கூட அவள் மாற்றவில்லை. சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது நான்தானே என்று அவன் கேட்க வேண்டும்.

"த்சு! இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றான் அவன். அப்புறம், வெள்ளைச் சட்டை ஆச்சா என்று கேட்டான்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இப்போது மேடையில் நிற்கிறான். இந்த மாசத் தலைப்பு, 'என்னை உலுக்கிய நாவல்'.

"அந்தப் புருஷனை நினைச்சா எனக்கு ரத்தம் கொதிக்குதுங்க! பொண்டாட்டி அங்க துடிக்கிறா, இவனுக்குப் போன் ஒரு கேடா? வந்து சொல்றான் பாருங்க, அடுத்தது பாத்துக்கலாம்னு! அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே வரலை."

தூக்கம் வரலையாம்! இவன் விட்ட குறட்டையில் தூங்காமல் கிடந்தவள் அவள். அடப்பாவி, இவ்வளவு பேசுகிறாயே, இன்னுமா உனக்கு உறைக்கவில்லை என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வட்டத்தின் தலைவர், ரிட்டயரான பேங்க் மேனேஜர், தலையைச் சொறிந்தார். "அந்த நாவலை நானும் படிச்சேனே. அதுல ஆஸ்பத்திரி எங்க சார் வருது?"

"வருதுங்க, நடுவுல." அவன் பின்வரிசையைப் பார்த்துச் சிரித்தான். "எந்த அத்தியாயம்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. அவங்களும் அதைக் கொஞ்சம் புரட்டியிருக்காங்க."

கொஞ்சம் புரட்டியிருக்காங்களா! அவ்வளவுதான், எழுந்துவிட்டாள்.

"எந்த அத்தியாயத்துலயும் இல்லைங்க. அது எனக்கு நடந்தது. போன் பேசப் போனது இவர்."

கூடமே அவள் பக்கம் திரும்பியது. அவன் முகம் வெளிறிப்போனது. விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கி வந்தான். இப்பவாவது குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று அவளுடைய பாழாய்ப்போன மனசு அப்போதும் காத்துக்கொண்டிருந்தது. அவன் அவள் காதுப்பக்கம் குனிந்து பல்லைக் கடித்தான்.

"ஏண்டி, நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குறியே. வீட்ல தனியா சொல்லியிருக்கக் கூடாதா?"

"தனியாத்தானே சொன்னேன்," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கேட்டுட்டு, இவனெல்லாம் ஒரு மனுஷனான்னு நீங்கதான் கேட்டீங்க."