இல்லாத குறையைச் சொல்லும் நாள்

முன்பனிக் காலத்து நண்பகல். கதிரவன் காய்ந்தும் வெம்மையில்லை. கமினுமா மலையின் நெடிய ஊசியிலை மரங்கள் உறைபனி உருகித் துளித்துளியாய்ச் சொட்ட, அடிவாரத்துக் கல்வாயில் தொடங்கி உச்சிக் கோயில்வரை வளைந்தேறும் படிகளின் இருமருங்கிலும் ஊர் முழுதும் திரண்டு நின்று, தொண்டை கிழியத் திட்டிக்கொண்டிருந்தது. ஆண்டு முழுதும் குனிந்து வணங்கி, சினத்தையெல்லாம் விழுங்கி வாழும் மக்கள், நெஞ்சில் தேங்கிய கசடை அன்று ஒருநாள் தெய்வத்தின்முன் கொட்டிக் கழுவுவர். முகத்தின் மேற்பாதியை மறைக்கும் நீள்மூக்கு முகமூடியும் வெள்ளுடையும் பூண்ட ஒன்பதின்மர், வழியிலுள்ள ஒன்பது சிறு கற்கோயில்களில் அரிசியப்பம் படைத்தவாறு ஏறுவர். எத்தனை வசை விழுந்தாலும் அவர்கள் வாய் திறத்தல் ஆகாது. திறந்தவனுடைய வேண்டுதல் அவ்விடத்திலேயே முறியும்.

அறிவுடையீர், இவ்விழாவைக் காண ஒல்லாந்திலிருந்து வந்திருந்த யோரிஸ் என்பானைச் சற்றே நோக்குங்கள். ஆறரை அடி உயரத்தில் அறிவுக்கு மட்டும் இடமின்றிப் படைக்கப்பட்டவன். ஈராண்டு இம்மொழி பயின்று, அதனாலேயே இம்மக்களின் மனத்தையும் பயின்றுவிட்டதாகக் கருதியவன். பிறர் வழிபாட்டை நெஞ்சால் காணாது ஒளிப்படக் கருவியின் சிறு துளையால் காண்பவன். மூத்தோரைத் தோளால் ஒதுக்கி முன்வரிசையில் நின்று, அதனையும் தன் உரிமையெனக் கொண்டவன். 'பணிவென்னும் மெழுகு உருகி, இவர்களின் உண்மை முகம் வெளிப்படும் நாள்' என்று குறிப்பேட்டில் எழுதி, எழுதியதைத் தானே வியந்தான். ஊரார் அவனை ஒரு சொல்லும் திட்டவில்லை. "விருந்தாளி ஐயா, இப்படி வந்து நில்லுங்க" என்று வழிவிட்டனர். அதனை மதிப்பென்று மகிழ்ந்தான் அந்தப் பேதை. தன்னை ஓர் ஆளாகவே எண்ணவில்லை என்பதை உணரும் நுண்மை அவனிடம் இல்லை.

காலையில் அவன் விடுதிக்காரி மித்சுயோவைக் கேட்டிருந்தான். "இன்னைக்கு யாரை என்ன வேணும்னாலும் திட்டலாமாம்மா?"

"தாராளமாத் திட்டுங்க ஐயா. எவ்வளவு சத்தமோ அவ்வளவு புண்ணியம்" என்றாள் அவள், சாறு ஊற்றியபடியே. மற்றொரு விதியை அவள் சொல்லவில்லை. அவ்வூரில் யாருக்கும் அதைச் சொல்லித்தர நேர்ந்ததே இல்லை.

கடைசியாக ஏறியவன் கன்சாகு, மரம் அறுப்பவன். இடக்கையின் மூன்று விரல்களை மரமறுக்கும் ரம்பத்துக்குப் பறிகொடுத்தவன். அவன் மகள் ஏழு வயதுச் சாயோவுக்கு நாளை மறுநாள் நெஞ்சைத் திறந்து அறுவை. அவள் பொருட்டே வெள்ளுடை பூண்டான். எட்டுக் கோயில்கள் கடந்துவிட்டான், ஒன்றே எஞ்சியது.

அப்போதுதான் யோரிஸ், கருவியைத் தாழ்த்தி, கற்ற மொழியைக் காட்டும் ஆவலோடு கத்தினான்: "டேய் ரெண்டு விரல்காரா! மிச்சத்தையும் எப்போ மரத்துக்குக் கொடுக்கப்போறே?"

கூட்டம் ஊமையாயிற்று. வசை ஓய்வதே தீக்குறியாகிய அவ்விழாவில், மரம் சொட்டும் ஓசை கேட்டது. கன்சாகுவின் கால் படியில் நின்றது, முகமூடியின் கீழே இதழ்கள் பிரிந்தன.

"டேய் கன்சாகு!" என்று வீறிட்டாள் மித்சுயோ. "பானை வயித்துக்காரா! குடிகாரப் பயலே! ஏழு பொண்டாட்டியும் வீட்ல காத்திருக்காளுங்க, என்னடா அசையாம நிக்கிறே?"

மூங்கிற்கழிபோல் மெலிந்த, மதுவைத் தொட்டறியாத, ஒரே மனைவிக்கும் அஞ்சி வாழும் கன்சாகுவின்மேல் இவ்வசை விழுந்ததும் கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"ஆமாடா தொப்பையா, படி உடைஞ்சிரும், பாத்து ஏறு!"

"எட்டாவது கல்யாணத்துக்காவது எங்களைக் கூப்பிடுடா!"

இதழ்கள் மூடின. கால் எழுந்தது. ஒன்பதாம் கோயிலில் அப்பம் படைக்கப்பட்டது.

கீழே மித்சுயோ யோரிஸிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "இல்லாததைச் சொல்லித்தான் ஐயா நாங்க திட்டுவோம். இருக்கிறதைச் சொன்னா அது திட்டு இல்ல, அடி. தப்பு என்மேலதான், காலையிலேயே சொல்லியிருக்கணும். அவர் பொண்ணுக்காக ஏறுறாரு."

யோரிஸின் முகம் வெளுத்தது. குறிப்பேட்டில் தான் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் திணித்தான்.

வழிபாடு முடிந்து இறங்கிய கன்சாகு, முகமூடியைக் கழற்றியவாறு நேரே அவனிடம் வந்தான். படைத்து மீண்ட அப்பத்தைக் குறைக்கையால் பிட்டு, ஒரு பாதியை மகளுக்கென்று துணியில் முடிந்து, மறுபாதியை நீட்டி, மௌனம் கலைத்த முதற்சொல்லாக முழங்கினான்:

"டேய் குள்ளா! எட்டுதா? எட்டலேன்னா நாற்காலி போட்டு ஏறி வாங்கிக்க!"

படிகள் அதிரச் சிரித்தது ஊர். யோரிஸ் இரு கைகளாலும் வாங்கினான். பின்பு, கண்ணீர் வழிய, கற்ற மொழியனைத்தையும் கூட்டிச் சொன்னான்: "கஞ்சப் பயலே!"

மலையுச்சித் தெய்வம் அன்று ஆயிரம் வசை கேட்டது. அதன் செவிக்கு இனித்தவை அவ்விரண்டுமே என்று நம்புகிறேன். பிறன் புண்ணை அறிந்தும் அதை விலக்கி வைக்கும் நாவே வழிபடும் நா. அச்சிறு இரக்கத்தின் துணையோடுதான் துணிமுடிப்பிலிருந்த பாதி அப்பம், ஒரு சிறுமியின் தலைமாட்டை நோக்கி, அந்த மாலையில் மலை இறங்கிச் சென்றது.