ஜோஸ்லினுக்கு மசக்கை

மருமகளுக்கு மசக்கை என்று எங்கள் ஊர் தலைச்சோலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. போட முடிந்திருந்தால் போட்டிருப்பேன்.

என் பெயர் ஆரோக்கியசெல்வி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சர்ச்சில் சொல்வார்கள். சொல்கிறவர்களின் லட்சணத்தை நான் ஆரம்பித்தால் பூசை முடிந்துவிடும், அதனால் விடுகிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது ஒரே மகன், ஆண்டனி ராஜ். கத்தாரில் ஓட்டல் சமையல்காரனாக இருந்தவன், இப்போது கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் சமைக்கிறான். அங்கிருந்து வாரத்துக்கு ஒருமுறை போன் வரும், அதுவும் காற்றுக்கு மனசு இருந்தால்.

ஓட்டலில் இருந்தபோதுதான் ஒருநாள் போன் செய்து, "அம்மா, ஒரு புள்ளையப் புடிச்சிருக்குது. பேரு ஜோஸ்லின். நம்ம வேதந்தான்" என்றான். பேரைக் கேட்டதும் நாகர்கோவில் பக்கம் ஏதோ நல்ல குடும்பத்துப் பெண் என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டேன். போட்டோ வந்த பிறகுதான் தெரிந்தது, பெண் பிலிப்பைன்ஸ். கோபத்தில் ஒருநாள் முழுக்கச் சோறு தின்னவில்லை. மறுநாள் பசித்தது, தின்றேன்.

கல்யாணம் அங்கேயே முடிந்தது. புது வேலையில் குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி இல்லையாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பாவி மகள், வந்த வாரமே என் மனசைக் கரைத்துவிட்டாள். நம்மைப் போலவே மூன்று வேளையும் சோறு கேட்கிறவளிடம் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு, சோறு போடட்டுமா?" என்று கேட்டால் "ஓப்போ" என்பாள். தட்டைக் கையில் கொடுத்தால் "சலாமத் போ" என்பாள். மாமியாரைப் பார்த்துப் போ! இதற்காகவா நான் மிளகு இடித்துக் குழம்பு வைத்தேன்? மகன் போனில் வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவன் சிரித்தே செத்தான்.

"அம்மா, நாம வாங்க, போங்கன்னு 'ங்க' போடறமில்ல? அவங்களுக்கு அதுதாம்மா 'போ'. உங்களுக்கு மரியாதை குடுக்கறா."

அன்றிலிருந்து நானும் அவளுக்குப் 'போ' போட ஆரம்பித்தேன். இரண்டு பேரும் காலையிலிருந்து போ, போ என்று கொஞ்சிக்கொண்டிருப்பதைக் கேட்டு, பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் சண்டையை விலக்க ஓடி வந்தாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. அந்த ஊர் பாஷை இவ்வளவுதானா, பாதி நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

தவக்காலம் தொடங்கின வாரம் ஒரு காலையில் ஜோஸ்லின் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, வெளுத்த முகத்தோடு, "மசாகிட், அம்மா" என்றாள்.

"என்னது? மசக்கையா?"

அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். "மசக்கை?"

"மசக்கைதான் கண்ணு! மசக்கை!"

"எஸ், எஸ்! மசக்கை!" என்று தலையை ஆட்டினாள். அந்த வேதனையிலும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த பெண், அவளுக்கும் எனக்கும் இந்த ஒரு வார்த்தை பொதுவாக இருக்கிறதே என்று மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இங்கிலீஷில் 'ஸ்டமக்' என்று ஏதோ சொன்னாள்தான். மசக்கை என்றால் ஸ்டமக் சும்மாவா கிடக்கும்?

மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியில் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால் ஒவ்வொருவரிடமும் "நீங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லித்தான் சொன்னேன். ஒண்டிக்கடைக்கு மாங்காய் வாங்கப் போன இடத்திலும் பஸ்ஸிலும் அப்படித்தான் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. மாங்காய், எலுமிச்சை ஊறுகாய், மாதுளை, யாரோ புளியங்காய்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். ஜோஸ்லின் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் வயிற்றைக் காட்டி "மசக்கை, மசக்கை" என்றாள். "ஆமா சாமி, ஆமா" என்று எல்லோரும் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நாங்களும் மூக்கை உறிஞ்சினோம். மரியாதைக்கு இரண்டு துண்டு மாங்காயும் தின்றாள், பாவம்.

மறுநாள் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. நெற்றி கொதித்தது. வெள்ளையம்மாள்தான் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்கக்கா, மசக்கைக்கு இப்பிடி மேலு சுடாதுங்களே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எப்பிடியும் புள்ளத்தாச்சின்னு பேரு பதியோணுமில்ல?"

பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கர்ப்பிணிகள் பதிவு செய்கிற இடத்தில் நின்றேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

"ஆதார் குடுங்கம்மா."

"ஆதார் இல்லீங்க. பாஸ்போர்ட் இருக்குது." கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிலிப்பைன்ஸுங்களா? இங்க பன்னெண்டு நம்பர் கேக்குதுங்களே. ரேஷன் கார்டுல பேரு?"

"கார்டுல என்ற பேரும் என்ற மவன் பேருந்தான் இருக்குது. இவ பேரும் வரும். நேத்திக்கு வந்தவளுக்கு இன்னிக்கே எல்லாம் வருமுங்களா? உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு இல்லீங்களா? ஆளு முன்னாடி நிக்கறது தெரியலீங்களா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. பதியறதுன்னா மேல கேட்டுத்தான் செய்யோணும். போன் போட்டுக் கேக்கறேன், செத்த உக்காருங்க."

குறை சொல்ல முடியாது, சொன்னபடி கேட்டான். அவன் போனில் யாரிடமோ பேச, நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜோஸ்லின் முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் கரடியூர்க்காரர் ஒருவர், பலாமரத்திலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டுப் போட்டவர், கட்டு பிரிக்க வந்திருந்தார். நரைத்த மீசை, எழுபது வயதாவது இருக்கும். ஜோஸ்லின் தலையைத் தூக்கி அவருடைய கட்டைப் பார்த்தாள். தன் வேதனையிலும் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"தாத்தா," என்றாள் மெல்ல. "மசக்கை?"

அவர் தன் மார்பில் விரலை வைத்தார். "எனக்குங்களா?"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வெட்கம்கெட்டவள். ஜோஸ்லினுக்குச் சிரிப்பு புரியவில்லை. அவருடைய கையைத் தொட்டுக்காட்டி "தாத்தா மசக்கை" என்றாள். வாதம் பிடித்து நான் தேய்த்துக்கொண்டே இருக்கிற என் முழங்காலைத் தொட்டு "அம்மா மசக்கை" என்றாள். பிறகு தன் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில், "ஜோஸ்லின் நொம்ப மசக்கை. நொம்ப, நொம்ப" என்று அழுதாள்.

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முறிந்த கை, வாதக் கால், இவள் வயிறு. மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

"ஐயோ மாதாவே! இவ வலிக்குதுன்னுதான சொல்லிட்டிருக்கறா!"

கம்ப்யூட்டர் பையனிடம் ஓடினேன். "தம்பி, புள்ள உண்டாகலீங்க! வயித்து வலிங்க! நேத்திருந்து துடிக்கறா!"

அவன் போனைப் போட்டுவிட்டு எழுந்தான். "இத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா? வலிக்கு எதுக்குங்க ஆதாரு?" என்று சக்கர நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு வந்தான்.

டாக்டர் சின்னப் பெண். இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டாள். தன் பேச்சு ஒருவழியாக ஒருத்தருக்குப் புரிந்த நிம்மதியில் ஜோஸ்லின் மடமடவென்று கொட்டினாள். வலதுபக்க அடிவயிற்றில் டாக்டர் அழுத்தி எடுத்ததும் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"குடல்வால் வீங்கியிருக்குதும்மா. வெடிச்சா ஆபத்து. அதுக்குள்ள எடுக்கணும், உடனே சேலத்துக்குப் போங்க. நேத்துக் காலையில இருந்து வலின்னு சொல்லியிருக்காங்களே, நீங்க என்ன பண்ணீங்க?"

"மாங்கா குடுத்தேனுங்க" என்றேன்.

நூற்றியெட்டு வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஜோஸ்லின் என் கையை விடவே இல்லை. எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. என்னை வாயாடி என்பவர்கள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை. மகனுக்கு என்ன சொல்வேன் என்பதுகூட அப்புறம். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இவளைப் பெற்றவளுக்கு நான் எந்தப் பாஷையில் சொல்வேன்? பக்கத்திலேயே இருந்தேன், உன் மகள் வலி, வலி என்று கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அவள் காதோரம் குனிந்து, "மசாகிட்?" என்று கேட்டேன். "மசாகிட்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

சேலம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற இடத்திலும் ஆதார் கேட்டார்கள். இல்லை என்றதும் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, "இங்க இவங்களுக்கு யாரு இருக்கறாங்க?" என்றார்கள். "ஆதார் இல்லீங்க, ஆதாரம் நான் இருக்கறேன். என்ற பேரை எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் வெளியே ஜெபமாலையை எத்தனை சுற்று உருட்டினேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். ஆனால் வெடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வார்டில் அவள் தெளிவாகக் கண்ணைத் திறந்தாள். கௌரி என்று ஒரு நர்ஸ், நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவள். அவளிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, மசக்கை என்றால் என்ன என்று இவளுக்கு விளக்கச் சொன்னேன். கௌரி சொல்லி முடிப்பதற்குள் ஜோஸ்லினுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மாவுக்கட்டுத் தாத்தாவை நினைத்துச் சிரித்தாள். தையல் இழுத்தது. "ஆ, ஆ" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கௌரியிடம் ஏதோ கேட்டாள். கௌரி என்னைப் பார்க்கத் தயங்கினாள்.

"என்னங்கறா?"

"தனக்கு வலிக்குதுன்னுதான் ஊரே வந்து தலையத் தடவிக் குடுக்குதுன்னு நெனச்சாங்களாம். அதெல்லாம் குழந்தைக்கா, தனக்கு இல்லையான்னு கேக்கறாங்க."

எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வரும்.

"பின்ன யாருக்குடி? இல்லாத புள்ளையா மாங்கா தின்னுச்சு? நீதான தின்ன!"

கௌரி அதை மாற்றிச் சொன்னாள். ஜோஸ்லின் சிரித்தாள், ஆனால் அரைச் சிரிப்புதான். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. வெள்ளையம்மாளுக்குப் போன் போட்டு, பிள்ளையும் இல்லை ஒன்றும் இல்லை, குடல்வால்தான் என்று சொல்லியிருந்தேன். மலையிலிருந்து சேலத்துக்கு இதற்காக யார் இறங்கி வரப்போகிறார்கள்?

பார்வை நேரத்தில் வார்டு வாசலில் ஒரே இரைச்சல். இத்தனை பேரை உள்ளே விடமாட்டோம் என்று வாட்ச்மேன் கத்துகிறார், எங்கள் ஊர்க்குரல் ஒன்று அவரைவிடச் சத்தமாகக் கத்துகிறது. கடைசியில் அவரைத் தள்ளாத குறையாக வெள்ளையம்மாள் உள்ளே வந்தாள். பின்னால் நாலு பெண்கள். ஒருத்தி கையில் பிளாஸ்கில் கஞ்சி, இன்னொருத்தி கையில் ரொட்டி.

ஜோஸ்லின் அவர்களைப் பார்த்ததும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தப்புச் செய்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்தாள்.

"சாரிங்க. பேபி... இல்லீங்க."

வெள்ளையம்மாள் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "அது வர்றப்ப வரட்டும் சாமி. உன்னையப் பாக்கத்தான பஸ் ஏறி வந்தோம்."

அதை இங்கிலீஷில் சொல்லக் கௌரி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று ஜோஸ்லின் கையைக் காட்டினாள்.