வெள்ளி ராத்திரி ஒரு மணி

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, சும்மாதான் போனை எடுத்துப் பார்த்தேன். பண்ணைக்குக் கரண்ட் தரும் பேட்டரியில் பதினொரு சதவீதம்தான் மிச்சம் என்று காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதே பதினொன்றுதான்.

திரேஸ்புரத்துக்கு வடக்கே கடலோரம் நான் இறால் குஞ்சுப் பண்ணை நடத்துகிறேன். என் பெயர் சரண்யாதேவி. தொட்டிக்குள் குஞ்சுகள் மயிரிழைப் பருமனில் லட்சக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் இரவும் பகலும் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று மோட்டார் அரை மணி நேரம் நின்றால் போதும், அத்தனையும் செத்து அடியில் படிந்துவிடும். போன வருஷம் நோய் வந்து இரண்டு தடவை வாளியில் அள்ளிக் கொட்டினேன். இந்தத் தடவையும் போனால் பண்ணையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரை ஊரில் அண்ணன் வயலுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அண்ணியின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். அதற்கு நானும் தொட்டிக்குள் குதித்துவிடலாம்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு லைன் கரண்டை நிறுத்தி, காலை ஏழு மணிக்குத்தான் விடுவார்கள் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் மாற்றுகிறார்களாம். நான் பதறவில்லை. எங்களுக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. உப்பு கம்பெனி ரங்கநாத் சார் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக் கூரை முழுக்க சோலார் தகடு. பக்கத்தில் இசக்கியப்பன் அண்ணாச்சியின் ஐஸ் கம்பெனி. அவர் முற்றத்தில் லாரிப் பெட்டி அளவுக்குப் பேட்டரி. மூன்றாவது பங்கு என்னுடையது. பழைய ஜெனரேட்டரை விற்றுத்தான் சேர்ந்தேன். யாருக்கு எப்போது தேவையோ வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டும்; ரங்கநாத் சார் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்; மீதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். லைன் கரண்டிலிருந்து பேட்டரியை ஏற்றும் கருவி மட்டும் விலை அதிகம் என்று வாங்காமல் விட்டோம். எங்கள் பேட்டரி வெயிலுக்கு மட்டுந்தான் வாய் திறக்கும்.

அந்த வாரம் வெயில் எங்கே இருந்தது? ஐப்பசி மூடாக்கு. வானம் அழுக்கு வேட்டியாகத் தொங்கியது.

ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு உப்பு கம்பெனிக்குப் போனேன். ரங்கநாத் சார் ஆழ்வார்திருநகரிக்காரர், சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தவர். கம்ப்யூட்டர் முன்னால் ஏற்கெனவே முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கேட்டபடிதாம்மா போட்டிருக்கேன். வெள்ளி, ஒரு மணி முதல் ஏழு மணி வரை, பண்ணைக்கு."

"அப்ப கரண்டு எங்க சார் போச்சு?"

"இன்னிக்கு விடியக்காலம் ஒரு மணிக்கே உங்க பண்ணைக்குப் போயிடுத்து. லைன் சும்மா இருக்க, பேட்டரியை நீங்க ஓட்டித் தீத்திருக்கேள். ஏழு மணிக்கு மேல மிச்சத்தை ஐஸ் கம்பெனிக்குத் திருப்பிடுத்து."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளி ராத்திரி ஒரு மணி என்றால் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை பொழுது அடைந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு வருகிற ஒரு மணி. விடிந்தால்தான் சனி. இவர் கடிகாரத்தைப் பார்த்து முந்தின நாள் ராத்திரியில் போட்டுவிட்டார்.

"பன்னிரண்டு அடிச்சா தேதி மாறிடறதேம்மா. சாஃப்ட்வேர் அப்படித்தானே பாக்கும்."

"உங்க வீட்டுல ஏகாதசி எப்ப சார் பொறக்கும்? பன்னிரண்டு அடிச்சா, விடிஞ்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மனுஷன் பஞ்சாங்கத்தை மறந்துவிட்டார். நானும் சனி என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை, யாருக்குத் தோன்றும்?

வாடகை ஜெனரேட்டர்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஞாயிறு பெரிய முகூர்த்தம், சனிக்கிழமையே வரவேற்பு. ஊரில் இருக்கிற ஜெனரேட்டர் எல்லாம் கல்யாண மண்டப வாசலில் நின்றது. திருச்செந்தூர் வரைக்கும் கேட்டாயிற்று.

"என் உப்பு மில்லை இப்பவே நிறுத்திட்டேன்," என்றார் ரங்கநாத் சார். "ஆனா வர்ற கொஞ்ச வெயிலையும் இசக்கியப்பன் கம்ப்ரசர் குடிச்சிண்டிருக்கு. அது நின்னாத்தான் பேட்டரி ஏறும். அவர் போனை எடுக்கலை." குரலைத் தாழ்த்தினார். "இங்கேருந்தே நான் கட் பண்ண முடியும். ஒரு தட்டு. கேட்டா அவர் தர மாட்டார்."

அவர் விரல் திரைக்கு மேலே நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேகத்துக்குப் பின்னால் வெயில் மங்கிக்கொண்டே வந்தது. போகிற ஒவ்வொரு நிமிஷமும் என் தொட்டியிலிருந்து போகிறது. தட்டுங்கள் சார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

"வேண்டாம்," என்றேன். "இன்னைக்கு அவருகிட்ட கேக்காம எடுத்தா, நாளைக்கு எங்கிட்டயும் கேக்காம எடுப்பீக."

ஐஸ் கம்பெனிக்குள் கம்ப்ரசர் இரைச்சலில் இசக்கியப்பன் அண்ணாச்சிக்குப் போன் சத்தம் எப்படிக் கேட்கும்? அம்மோனியா நெடி மூக்கைப் பிய்த்தது. கையைப் பிடித்து வெளியே இழுக்காத குறையாக அவரைக் கூட்டி வந்து நடந்ததைச் சொன்னேன். போன மாதம்தான் கழிவுத் தண்ணீர் விஷயமாக அவரோடு நடுரோட்டில் சண்டை போட்டிருந்தேன். அது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"என்னளா வெளாடுதியா?" என்றார். "நாலு நாளா காத்துன்னு வள்ளம் எதுவும் போகல. நாளைக்குத்தான் கடலுக்குப் போறானுவ. மகாராஜா பத்து வள்ளத்துக்கு ஐஸ் சொல்லியிருக்கான். இப்ப நிறுத்துனா ஒரு ஐஸ் பாரும் உருப்படியா உறையாது. லைன்ல ஓட்டலாம்னா, பேட்டரி வந்த தெம்புல கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைன் லோடக் கொறச்சுத் தொலச்சுட்டேன், கம்ப்ரசர இழுக்காது. நான் எங்க போவேன்?"

"தெரியும் அண்ணாச்சி. இது உங்க முறைதான். கேக்க எனக்கு வாயில்ல. கேக்கேன்."

"பிழை யாரு மேல?"

"எங்க ரெண்டு பேரு மேலயும். உங்க மேல ஒண்ணுமில்ல."

மகாராஜா ஐஸ் ஏஜெண்ட். அவன் ஒருவன் போனால் பத்து வள்ளமும் அவன் பின்னாலேயே போகும். அண்ணாச்சி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மறுபடியும் வானத்தைப் பார்த்தார். காலில் விழச் சொன்னால் விழுந்திருப்பேன்.

"காத்து இல்லாம எம்புட்டு நேரம் தாங்கும்?"

"அரை மணி."

அவர் உள்ளே போனார். இரைச்சல் இறங்கி, முனகி, நின்றது. அந்த மௌனம் எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது.

பொழுது அடைவதற்குள் பேட்டரி பாதியைக்கூடத் தொடவில்லை. ரங்கநாத் சார் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விடியக்காலம் வரைக்கும்தான் தாங்கும், ஏழு மணி வரைக்கும் இழுக்காது. தண்ணீரைக் கொஞ்சம் குளிரவைத்தால் குஞ்சுகள் அடங்கி இருக்கும், காற்றும் குறைவாகப் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஐஸ் வேண்டும். வெட்கத்தை விட்டு மறுபடியும் போன் போட்டேன். உள்ளே உறையாமல் கூடாக நின்ற பார்களையெல்லாம் அண்ணாச்சி ஒரு மினி லாரியில் ஏற்றி அனுப்பினார். கடலுக்கு ஆகாத ஐஸ். பாலிதீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டித் தொட்டிகளில் மெதுவாக இறக்கினோம். ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் குஞ்சு செத்துவிடும்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. விடிந்து லைன் வருவதற்குச் சற்று முன்னால்தான் பேட்டரி தீர்ந்தது. காற்று நின்ற தொட்டிகளில் நானும் என் வேலைக்காரி சீனித்தாயும் கையாலேயே தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம். ரங்கநாத் சாரும் பேண்டை மடித்துக்கொண்டு ஒரு வாளியோடு நின்றார். லைன் வந்து மோட்டார் ஊத ஆரம்பித்ததும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணும் வாலுமாகத் துள்ளின. ஓரத்துத் தொட்டி ஒன்று மட்டும் போயிருந்தது. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"உசுரோட இருக்கா?" ஹலோ கூடச் சொல்லவில்லை.

"இருக்கு அண்ணாச்சி. அங்கன என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லளா. இன்னைக்கு நல்ல கூட்டம். ஐஸ் போதலன்னு சண்ட போடுதானுவ. நீ குஞ்சப் பாரு." அவர் பேசும்போதே பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஒன்ன நம்பி பத்து வள்ளமும் கரையில நிக்கிதுலே! இனி ஒன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்!" போன் நின்றுவிட்டது.

ஈரச் சேலையோடு ஸ்கூட்டியில் ஏறினேன். ஐஸ் கம்பெனி முற்றத்தில் மகாராஜா காலி லாரியின் கதவைத் திறந்து ஏறப்போனான். குறுக்கே போய் நின்றேன்.

"திட்டணும்னா என்னத் திட்டும். அண்ணாச்சி மெஷினை நிறுத்துனது என் குஞ்சுக்கு."

மகாராஜா என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப ஒன் குஞ்சே இவருகிட்ட ஐஸ் வாங்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். லாரி வாசலைத் தாண்டி வடக்கே திரும்பியது. அங்கேதான் இன்னொரு ஐஸ் கம்பெனி இருக்கிறது.

அண்ணாச்சி லாரி போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நிஜமாகவே கோபமாக இருந்தார்.

"ஏளா, ஒனக்குக் கூறு இருக்கா? எல்லாத்தையும் போட்டுட்டு நீ எதுக்கு இங்கன வந்த? அங்கன குஞ்ச இப்ப யாரு பாக்கா?"

எனக்கு அழுகைதான் வந்தது.