ஒரு கரண்டி பிராந்தி

மக்காவ்க்காரிகள் உயிரைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். சமையல் பக்குவத்தை முழுசாகக் கேட்டால்தான் வம்பு. முகம் கோணாமல் எல்லாவற்றையும் சொல்லுவார்கள், ஒரே ஒரு சாமானை மட்டும் விழுங்கிவிட்டு. ஊரே அப்படி இருக்கும்போது தெயோலிந்தா மட்டும் வேறு மாதிரி இருப்பாளா? ஆனால் அவள் அதைக் கூடப்பிறந்த தங்கையிடமே செய்தாள்.

ஊரில் போர்ச்சுகல் கொடி இறங்கிச் சீனக் கொடி ஏறுவதற்கு முந்தின வருடம் தங்கை எர்மீனியா புருஷன் பிள்ளைகளோடு லிஸ்பனுக்குக் கிளம்பினாள். பெட்டி கட்டும்போது, "அக்கா, பலிஷாவ் போடுற பக்குவத்தைச் சொல்லேன்" என்று கேட்டாள். பலிஷாவ் என்கிற அந்த இறால் ஊறல் இல்லாமல் அந்த வீட்டில் புளி போட்ட பன்றிக்கறி ஏது? பொடி இறால், உப்பு, பிரிஞ்சி இலை, மிளகாய், எலுமிச்சை என்று தெயோலிந்தா வரிசையாகச் சொன்னாள். ஜாடியை மூடுமுன் ஊற்ற வேண்டிய ஒரு கரண்டி பிராந்தியைச் சொல்லவில்லை. பொறாமை என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எதற்காகத் திரும்பி வரப்போகிறாள் என்ற பயம்.

எர்மீனியா வரவில்லை. போன்தான் வந்தது.

"அக்கா, ஜாடியைத் திறந்தா கவிச்சி குடலைப் புரட்டுது. மாடிவீட்டுக்காரி போலீஸைக் கூப்பிடுவேங்கிறா."

"உப்பு பத்தலைடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன். "உப்பும் அள்ளிப் போட்டாச்சு. அதே நாத்தம்தான்."

"வெயில் பத்தலை. உங்க ஊர் வெயிலெல்லாம் ஒரு வெயிலா?"

எலுமிச்சையை மாற்றச் சொன்னாள், ஜாடியை மாற்றச் சொன்னாள். பலிஷாவில் தொடங்குகிற பேச்சு பிள்ளைகள், புருஷனின் குறட்டை, செத்துப்போன சித்தப்பாவின் பொய்ப்பல் என்று எங்கெங்கோ போகும். ஞாயிறு பூசை முடிந்ததும் தெயோலிந்தா யாரிடமும் நின்று பேசமாட்டாள். போன் மணி அடிக்கும்போது வீட்டில் இருக்க வேண்டுமே. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடல் தாண்டிப் போனார்கள். ஜன்னலுக்கு எதிரே சூதாட்ட விடுதி ஒன்று எழும்பி வானத்தை மறைத்தது. அந்த போன் மட்டும் இருந்தது. வருடங்கள் ஓடின.

பிறகு அதுவும் குறைந்தது. ஈஸ்டர் தாண்டியும் சத்தத்தையே காணோம். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தெயோலிந்தாவே கூப்பிட்டாள்.

"ஏன்டி, பலிஷாவ் என்ன ஆச்சு?"

"நல்லாத்தானே இருக்கு."

"கவிச்சி?"

"பழகிப்போச்சுக்கா."

"பிராந்திடி! ஒரு கரண்டி பிராந்தி ஊத்தணும். நான்தான் சொல்லாம விட்டேன்" என்று கொட்டிவிட்டாள் தெயோலிந்தா.

இருமல் வரும்வரை சிரித்தாள் எர்மீனியா. "அடிப்பாவி! அக்காவா நீ? அந்த மாடிவீட்டுக்காரி இன்னிக்கும் என் மூஞ்சியப் பாக்கறதில்லை தெரியுமா?"

"சரி, இனிமே ஊத்து."

"வேணாம்க்கா."

"ஏன்டி?"

"போன மாசம் நம்ம ஊர்க்காரி ஒருத்தி பன்னிக்கறி பண்ணிக் குடுத்தா. அப்படியே நம்ம வீட்டு ருசி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பிள்ளைங்க ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிடுச்சுங்க. அம்மா பண்றதுதான் மக்காவ் சாப்பாடாம், இது என்னமோவாம். நான் என்னக்கா சொல்ல?"

தெயோலிந்தா அதுவரை கேட்காததைக் கேட்டாள். "நீ எப்ப வருவே?"

"பாக்கலாம்க்கா. முட்டிவலி வேற."

மறுநாள் சந்தையில் பொடி இறால் வாங்கிவந்தாள். தங்கைக்குச் சொன்னபடியே, பிராந்தி இல்லாமல் போட்டுப் பால்கனியில் வைத்தாள். ஊறி முடிந்ததும் பன்றிக்கறியில் அதைக் கரைத்துப் புளி ஊற்றிக் கொதிக்கவிட்டாள். வீடு முழுக்கக் கவிச்சி. எர்மீனியா வீட்டில் என்ன சாப்பிடுகிறார்களோ அதைத் தானும் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

முதல் வாய் குமட்டியது. பிடிவாதமாக மென்றாள். பாதித் தட்டு காலியாகும்போது நன்றாகத்தான் இருந்தது.

"பாவிப் பொண்ணே, உனக்கு இதுவே போதும்னு ஆயிடுச்சாடி" என்று எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதாள்.