கொத்தமல்லி வேண்டாம்

தைனான் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தியென்லாய் வலது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்க்கவும் இல்லை. பின்னால் சாய்யுன் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கல்யாணமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அறுபது நெருங்குகிறது, அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் தேனிலவு என்று சொல்ல இருவருக்கும் கூச்சம். அதனால் சும்மா இரண்டு நாள் சுற்றிப் பார்த்து நன்றாகத் தின்றுவிட்டு வரலாம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்கள்.

அவள் தலையில் ஒரு தொப்பி இருந்தது. வெளிர் ஊதாத் துணி, பின்கழுத்தில் வெயில் படாமல் இருக்க ஒரு மடிப்பு. விடிகாலையில் தைச்சுங் வீட்டைப் பூட்டும்போது அவர் திரும்ப உள்ளே போய் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து, தெற்கே வெயில் கொளுத்தும், போட்டுக்கொள் என்று நீட்டினார். சாய்யுனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கேட்காமலே ஓர் ஆண்பிள்ளை அவளுக்கென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. தொப்பியில் லேசாகக் கற்பூர வாசனை அடித்தது. கடையில் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ரயில் ஜன்னலில் தன்னை ஏழெட்டுத் தடவை பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

கீலுங் துறைமுகச் சந்தையில் அவளுக்கு ஒரு மீன்கடை. அப்பா வைத்திருந்த கடை. அப்பா படுத்த படுக்கையாகி, பல வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்ததில் கல்யாண வயது அவளைத் தாண்டிப் போய்விட்டது. அவர் போன பிறகுதான், வாடிக்கையாக மீன் வாங்க வரும் ஓர் அம்மாள் தன் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாள். மனைவி சூஷின் செத்து நாலு வருஷமாகிறது, பிள்ளை குட்டி இல்லை, மனுஷன் வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்றாள். சாய்யுனுக்குச் சுவரோடு பேசுவது என்னவென்று தெரியும். சரி என்றாள்.

ஆனால் கடையை இன்னும் விட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கடை அஷியாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இது தியென்லாய்க்குத் தெரியாது. ரயிலில் வரும்போது அஷியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இடத்தைக் கேட்டு ஒருத்தர் நச்சரிக்கிறார், கொடுக்கலாமா வேண்டாமா, சாயங்காலத்துக்குள் சொல்லு என்று. சாய்யுன் பதில் போடவில்லை. சந்தையில் அவள் வாயைத் திறந்தால் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். தைச்சுங் வீட்டில் மூன்று வாரமாக அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் என்னவென்று தெரிந்துவிடும் என்றுதான் வந்தாள்.

முதலில் மீன் கஞ்சி. காலைக் கூட்டம் தெருவரை நின்றது. தியென்லாய் உள்ளே போய் ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி, கொத்தமல்லி வேண்டாம் என்றார். சாய்யுன் தலையை நீட்டிப் பார்த்தாள். ஒரு கிண்ணம்தான். வயிற்றில் இடம் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்றார் அவர். பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு அவளுடையது. சந்தையில் காலைக்கு மூன்று கிண்ணம் இறக்கிவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுப்பாள். நாலு கரண்டியில் கஞ்சி தீர்ந்துபோயிற்று. பால்கெண்டை துடிக்கத் துடிக்க வெட்டியது, சதையைப் பார்த்தாலே தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தமல்லி இல்லாத கஞ்சி மருந்து மாதிரி இறங்கியது. அவருக்குப் பிடிக்காது போல, ஒவ்வொருத்தர் நாக்கு ஒவ்வொரு விதம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்து அன்பிங் கோட்டை. சிவப்புச் செங்கல் மதிலில் ஆலவேர்கள் இறங்கிய இடத்துக்கு நேராகப் போய் நின்றார். இங்கே நில்லு என்றார். நின்றாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார். நகர்ந்தாள். கையை அந்த வேர் மேலே வை என்றார். வைத்தாள். படம் எடுத்துவிட்டு அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அப்படி என்ன பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தாள். வெயிலுக்குப் போட்ட தொப்பி, தூசிக்குப் போட்ட முகமூடி, நடுவில் இரண்டு கண். யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அவளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏனோ அந்தப் படம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நடந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். எந்தச் சந்தில் நிழல் விழும், எந்தக் கோயிலில் குடிதண்ணீர் இருக்கும் என்பதெல்லாம் அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. மதியம் மாவுக்கொழுக்கட்டை, ஒன்று வாங்கி இரண்டாக வெட்டிக்கொண்டார்கள். அதிலும் கொத்தமல்லி வேண்டாம். அரை இறால் சுருள். அரைக் கிண்ணம் சோயாத் தயிர். பாதிப் பாதியாகத் தின்று அவளுக்குப் பசி முழுசாக ஏறியது. இன்னொன்று வாங்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. ஊரையே அதட்டி மீன் விற்றவள், ஒரு கொழுக்கட்டைக்கு வாயைத் திறக்கக் கூச்சப்பட்டாள். புதுப்பெண்ணாம்.

கோயில் வாசலில் ஒரு வண்டிக்காரர் கடலை மிட்டாயை இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தார். மெல்லிய அப்பளம் மாதிரி மாவுத்தாளை விரித்து, சீவிய மிட்டாயைத் தூவி, மேலே இரண்டு உருண்டை ஐஸ்கிரீம் வைத்தார். கொத்தமல்லிக் கட்டில் கை வைத்தபோது தியென்லாய் தடுத்தார். வண்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது இல்லாம இதுல என்னண்ணே இருக்கு? சும்மா ஐஸ்கிரீம சட்டைய மாட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்."

தியென்லாய் வேண்டாம் என்று மறுபடியும் தலையாட்டினார். சாய்யுனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேதான் கேட்டாள், உங்களுக்குக் கொத்தமல்லி அவ்வளவு ஆகாதா என்று.

"எனக்கா?" அவர் ஒரு கணம் யோசித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லையே. நான் சாப்பிடுவேன்."

சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் சுருளைப் பாதியாகப் பிய்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். சாய்யுன் அங்கேயே நின்றாள். அவருக்குப் பிடிக்கும். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அப்படியானால் காலையிலிருந்து யாருக்கு வேண்டாம்? ஐஸ்கிரீம் விரலிடுக்கில் வழிந்தது. ஒரு கிண்ணமும் இரண்டு கரண்டியும், பூஞ்சை உடம்போடு ஒருத்தி கூட வந்தால் சரியாக இருக்கும். இடது பக்கம் தள்ளி, வேர் மேல் கை வைத்து நின்றவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். இந்த ஊரில் அவர் சூஷினோடுதான் நடந்துகொண்டிருந்தார். இவள் அவர்களுக்குப் பின்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த மூன்றாம் ஆள்.

அப்பா செத்த அன்றுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்று சுற்றிலும் சந்தை இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது வஞ்சிரம் சூப் கடைக்குக் கூட்டிப் போனார். தெருவோரக் கடை. பொரித்த மீன் துண்டுகளைக் கொழகொழவென்ற சூப்பில் போட்டுக் கொடுப்பார்கள். நடைபாதையில் சின்ன மேசைகள், உயரமில்லாத முக்காலிகள். இங்கே சமாளித்துக்கொள்ளலாம், இரண்டு கிண்ணம் கேட்டுவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தொப்பியும் முகமூடியுமாகவே உட்கார்ந்தாள். ஆவிக்குப் பின்னாலிருந்து கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அட, வா தம்பி! எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? நாலு வருஷமா ஆளையே காணோம். எதிர்க்கடைக்குப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்." சாய்யுனைப் பார்த்ததும் அவள் முகம் இன்னும் மலர்ந்தது. "இந்தத் தொப்பிய இன்னும் வச்சிருக்கியா தங்கச்சி? அந்த மூலைக் கடைக்காரன்கிட்ட நான்தானே வெல பேசிக் குடுத்தேன். உனக்குக் கொத்தமல்லி கெடையாது, எனக்கு மறக்குமா! ஏம்பா, இவளுக்கு உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

தியென்லாய் மேசையைப் பார்த்தார். "நல்லா இருக்காக்கா," என்றார்.

சாய்யுன் எழுந்தாள். தொப்பியைக் கழற்றி முக்காலி மேல் வைத்தாள். முரட்டுத்தனமாக வைக்கவில்லை. பிறகு முகமூடியையும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு தெருவைக் கடந்து கால்வாய்க் கரைக்குப் போனாள். தொப்பி இல்லாமல் நெற்றி குளிர்ந்தது. இவ்வளவு நேரம் செத்தவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் அழகு பார்த்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது. கைப்பேசியை எடுத்து அஷியாவுக்கு எழுத ஆரம்பித்தாள். கொடுக்காதே, நான் வந்துவிடுகிறேன் என்று எழுதினாள். அனுப்பப் போகும்போது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வந்து நின்றார். கையில் தொப்பி.

"தெரிஞ்சு சொல்லல," என்றார். "வீட்டுல, தெருவுல, எல்லாருக்கும் அவ செத்துட்டா. இந்த ஊர்ல மட்டும் யாருக்கும் தெரியாது. அக்கா கேட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு."

சாய்யுன் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். வந்தது வேறு.

"எனக்குப் பசிக்குது," என்றாள். கீலுங் சந்தைக் குரல். கரையில் போன நாலு பேர் நின்று திரும்பினார்கள். "காலையிலேருந்து பசிக்குது. நான் மூணு கிண்ணம் சாப்பிடுறவ. கொத்தமல்லி இல்லாம எனக்குக் கஞ்சி எறங்காது. மீனப் பாத்தே எப்பப் பிடிச்சதுன்னு சொல்லிடுவேன். இதுல எது உங்களுக்குத் தெரியும்? ஒரு வார்த்த கேட்டிருந்தா வாயில முத்தா உதிர்ந்திருக்கும்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியின் மடிப்பைக் கையால் நீவிக்கொண்டே நின்றார். தண்ணீரில் ஒரு படகு போய் அலை அடங்கியது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அக்காகிட்ட சொல்லணும். தனியாப் போய்ச் சொல்ல என்னால முடியாது. கூட வரியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. கேட்டதும் இப்படிப்பட்ட கேள்வி. சாய்யுனுக்குச் சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. செய்தியை அனுப்பாமலே கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

கடையில் அவர் நின்றுகொண்டே சொன்னார். இரண்டே வாக்கியம். அவள் இறந்துவிட்டாள், நாலு வருஷமாகிறது. இது சாய்யுன், என் மனைவி. கடைக்கார அம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. முகமூடி இல்லாத சாய்யுனின் முகத்தை அவள் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆனால் வரவேற்பும் இல்லை. சாய்யுன் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளாமல் நின்றாள். அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அம்மாள் இரண்டு கிண்ணத்தில் சூப் ஊற்றினாள். கொத்தமல்லிப் பாத்திரத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தியென்லாயைப் பார்த்து, "அப்ப, இவங்களுக்கு?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். பழகிய வார்த்தை நுனி நாக்குவரை வந்துவிட்டது, தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு சாய்யுனைத் திரும்பிப் பார்த்தார். நாளெல்லாம் அவள் காத்திருந்தது இந்தப் பார்வைக்குத்தான்.

"போடுங்க," என்றாள். "நெறையப் போடுங்க."

பச்சை விழுந்தது. அந்த வாசனை மேலே எழுந்தது. இந்த ஊரில் ஒருத்தி இவ்வளவு நாள் உயிரோடு இருந்தாள். தன் ஒரு சொல்லில் இப்போதுதான் செத்தாள் என்று தோன்றியது. அம்மாள் ஆவிப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தியென்லாய் கிண்ணத்துக்குள் குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. இருவரும் அழுதது சாய்யுன் பார்த்தேயிராத ஒருத்திக்காக. அந்த அழுகையில் சேர்ந்துகொள்ள அவளுக்கு உரிமை இல்லை. எழுந்து போகவும் மனசு கேட்கவில்லை. அதனால் சாப்பிட்டாள். நல்ல வஞ்சிரம்.

"காலையில பிடிச்ச மீன்," என்றாள், யாருக்கும் சொல்லாதது போல.

அவர் தலை நிமிராமலே, "அப்படியா, எப்படித் தெரியும்?" என்றார்.

அப்புறம் சொல்வதாகச் சொன்னாள். முதல் கிண்ணம் தீர்ந்ததும் இன்னொன்று கேட்டாள். அது வருவதற்குள் கைப்பேசியை எடுத்து, எழுதி வைத்திருந்ததை அழித்தாள். இடத்தைக் கொடுத்துவிடு என்று அஷியாவுக்கு அனுப்பினாள். இனி அவள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் சந்தை இல்லை. இருப்பது இந்த மனுஷன் மட்டும்தான். அவரும் பாதி ஆள்.

கூட்டம் ஏறிவிட்டது. இரண்டாவது கிண்ணத்தை அவள் பாதி சாப்பிட்டிருந்தபோது, தட்டேந்தி நின்ற ஓர் இளம்பெண் அவர்கள் மேசைக்கு வந்தாள். மூன்றாவது முக்காலியில் தியென்லாய் வைத்த ஊதாத் தொப்பி இருந்தது.

"இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தியென்லாய் அவசரமாகத் தொப்பியை எடுக்கக் கை நீட்டினார். சாய்யுன் அவர் கைமேல் தன் கையை வைத்துத் தடுத்தாள். வாய் நிறைய இருந்ததை விழுங்கிவிட்டு, அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்காங்கம்மா," என்றாள்.