மரச்சட்டம் போட்ட சிந்தசைசர்

ஆசீர் அந்த சிந்தசைசரை வாங்கிய நாளிலிருந்து புத்தூரில் அவன் அலட்டல் தாங்க முடியவில்லை. எண்பதுகளில் வந்த கீபோர்டு ஒன்றை, பக்கவாட்டு மரச்சட்டம் முதல் திருகுகிற குமிழ் வரை அச்சு அசலாக இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்தக் காலத்து மாடலில் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இல்லை, அதனால் புதியதிலும் இல்லை. அதுதான் பெருமையாம்.

"பட்டனைத் தட்டி சுருதி மாத்துறவன்லாம் கலைஞனாங்க?" என்று வீடியோ வேறு போட்டான். பட்டன் வைத்த தன் பழைய கீபோர்டை எதிர்வீட்டு லிசியின் தலையில் கட்டினான். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவள் அவள்.

"உங்களுக்கு வேணாமாண்ணே?"

"அது விளையாட்டுச் சாமான்மா."

முருகானந்தத்தின் இன்னிசைக் குழுவில் கீபோர்டு என்றால் ஆசீர்தான். அந்த இடம் போனால் பிழைப்பும் போச்சு, மரியாதையும் போச்சு. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் புது வாத்தியத்தைப் பட்டுத்துணி போர்த்திக் கொண்டுபோய் மேடையில் வைத்தான். சாயங்காலம் சவுண்ட் செக். பாடகி கலைமதி மைக்கைப் பிடித்தாள்.

"முதல் பாட்டு அஞ்சரைக் கட்டைங்க."

ஆசீரின் விரல் பழக்கதோஷத்தில் பட்டனைத் தேடி இடது மூலைக்குப் போனது. அங்கே பளபளவென்று மரம் இருந்தது. பாவம், எந்தப் பாட்டையும் வெள்ளைக் கீகளிலேயே வாசித்துப் பழகியவன். பாடுகிறவரின் சுருதிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததெல்லாம் பட்டன்தான். வீட்டில் தனியாக வாசித்தபோது சுருதி கேட்க ஆளில்லை, அதனால் இது அவனுக்கே மறந்துவிட்டது. கறுப்புக் கீகளில் தடவிப் பார்த்தான். வந்த சத்தத்துக்குப் பந்திக்கூடத்திலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"உங்க சுருதிக்கு நான் பாடினா தொண்டை கிழிஞ்சிடும் ஆசீர்" என்றாள் கலைமதி.

முருகானந்தம் வேறு கீபோர்டுக்காரர் யாரையோ கூப்பிட போனை எடுத்தார். ஆசீர் முந்திக்கொண்டு லிசியை அழைத்தான்.

"அந்த... பழைய கீபோர்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றியாம்மா?"

"விளையாட்டுச் சாமானாண்ணே? கொண்டு வரேன். ஆனா நான்தான் வாசிப்பேன்."

"சினிமாப் பாட்டும்மா!"

"பாதர் அந்தப் பக்கம் போனதும் நாங்க வேற என்ன வாசிக்கிறோம்?"

ஆட்டோவில் வந்து இறங்கினாள். பட்டனைத் தட்டினாள். கலைமதி பாட்டை எடுத்ததும் குரலும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டன. முருகானந்தம் லிசியை ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ஆசீரிடம் வந்தார்.

"மரச்சட்டம் மேடையில எடுப்பா இருக்கு. நீங்க முன்னாடியே நில்லுங்க. சத்தத்தை மட்டும் மூடிடுங்க."

கச்சேரி முழுக்க ஆசீர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஊமைக் கீகளை அமுக்கினான். ஊரே அவனைப் படம் பிடித்தது. முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா மேடையேறி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் அந்தக் காலத்து சவுண்ட் வருமா சார்!"

ஸ்பீக்கருக்குப் பின்னால் லிசி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆசீர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுக்குத்தாங்க இதை வாங்கினேன்" என்றான்.